இடுக்கண் அழியாமை: பின்லாந்தின் ‘சிசு’வும் வன்னியின் ஓர்மமும்

மக்கள் இனம் ஒவ்வொன்றும் தன் வாழ்விலே எதனோடு இடையறாது பழகி வந்ததோ, அதற்குத் தன் மொழியிலே தனிச் சொற்களை ஆக்கிக்கொள்கின்றது. கடலோடிகள் காற்றினை வாடை, கொண்டல், கச்சான், சோளகம் எனத் திசையும் பருவமும் பற்றிப் பெயரிட்டு வழங்குவதும், உழவர் நெல்லினத்தைப் பலபெயரிட்டு வகுப்பதும் இவ்வியல்பு பற்றியே ஆம். புறப்பொருள்களுக்கு மட்டுமன்றி அகப்பண்புகளுக்கும் இஃது ஒக்கும். ஐரோப்பாவின் வடகோடியில், நெடிய பனிக்காலமும் குறுகிய கோடையும் உடைய பின்லாந்து நாட்டிலே, அந்நாட்டவர் தம் தேசியப் பண்பெனப் போற்றும் ஒன்று உண்டு. அதனை அவர்கள் ‘சிசு’ என வழங்குவர். பிறமொழிகளில் ஒரு சொல்லால் இதனைப் பெயர்த்துரைத்தல் அரிது என்பது பலரும் ஒப்பும் முடிபு.

தமிழ் மக்களுக்கோ இப்பண்பு புதியதன்று. ஈழத்தின் வன்னிப் பெருநிலத்திலே குளத்தை நம்பி வாழ்ந்த மக்களின் வரலாறு முழுவதும் இதற்கு உரையாக அமைந்துள்ளது. ஆகவே, இவ்விரு நாட்டார் அனுபவத்தையும் ஒப்பவைத்து நோக்குதல் பயனுடையதாகும்.

சொல்லும் பொருளும்

‘சிசு’ என்றதும் தமிழர்க்குக் குழந்தையைக் குறிக்கும் வடசொல்லே நினைவுக்கு வரும். ஒலியளவில் ஒத்ததன்றி இவ்விரண்டிற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பின்னிய மொழியில் ‘சிசுஸ்’ என்பது ஒரு பொருளின் உட்பகுதியைக் குறிப்பது. உடலின் உள்ளுறுப்புகளையும் அது குறிக்கும். அவ்வடியிலிருந்தே ‘சிசு’ பிறந்தது. 1745இல் டேனியல் யுஸ்லேனியுஸ் என்பார் வெளியிட்ட பின்னிய அகராதியில், வலிய உணர்ச்சிகள் தோன்றும் உடலகத்து இடம் என்னும் கருத்தில் இச்சொல்லின் பழைய வடிவம் இடம்பெற்றுள்ளது. தொடக்கத்தில் இது நற்பண்பை மட்டும் சுட்டிய சொல் அன்று. தீக்குணம், பிடிவாதம் என்பவற்றைச் சுட்டும் சொற்களிலும் இதே அடி பயின்றுள்ளது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேதான் இது நாட்டின் பெருமைச் சொல்லாக உயர்ந்தது.

தமிழிலும் இதற்கு நேரான சொல்லாக்கம் இருத்தல் வியப்புக்குரியது. ‘உள்’ என்னும் அடியிலிருந்து ‘உள்ளம்’ பிறந்தது. ‘அகம்’ என்பதும் உள்ளிடத்தையும் மனத்தையும் ஒருங்கே உணர்த்தும். திருக்குறளின் ஊக்கமுடைமை அதிகாரத்திலே, உள்ளம் என்னும் சொல்லே ஊக்கம் என்னும் பொருளில் ஆளப்பட்டிருப்பதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். மனவுறுதி என்பது வெளியிலிருந்து வந்து சேர்வதன்று, உள்ளே கிடப்பது என்னும் எண்ணம் இரு மொழியார்க்கும் பொதுவாயிற்று.

ஈழத்துப் பேச்சு வழக்கில் இன்னும் நெருங்கிய சொல் ஒன்று உண்டு. அதுவே ‘ஓர்மம்’ என்பது. ‘அவனுக்கு நல்ல ஓர்மம்’ என்று மெச்சுங்கால் துணிவும் உறுதியும் குறிக்கப்படும். ‘ஓர்மம் பிடித்தவன்’ என்று கடியுங்கால் சொற்கேளாப் பிடிவாதம் குறிக்கப்படும். சிசுவைப் போலவே இதற்கும் இருமுகம் உண்டென்பது பின்னர்ப் பயன்படும் ஒரு குறிப்பாகும்.

சிசுவைத் துணிவு, பொறுமை என்பவற்றோடு மயங்கக் கொள்ளுதல் கூடாது. துணிவு, செயலின் தொடக்கத்தில் வேண்டப்படுவது. பொறுமை, வந்ததை ஏற்று இருப்பது. சிசுவோ, தன் வலிமையெல்லாம் தீர்ந்தது என்று ஒருவன் எண்ணும் இடத்திலே தொடங்குவது. பின்லாந்து ஆராய்ச்சியாளராகிய எமிலியா லாத்தி என்னும் அம்மையார் இவ்விளக்கத்தையே வலியுறுத்துவர். 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் விளையாட்டில் 10,000 மீற்றர் ஓட்டத்தின் இடையே லாசே விரேன் என்னும் பின்லாந்து வீரர் இடறி வீழ்ந்தார். பிறர் முன்னே சென்றுவிட்டனர். எழுந்தவர் மீண்டும் ஓடி, அவ்வோட்டத்தை உலகச் சாதனை நேரத்தில் வென்றார். அந்நாட்டார் சிசுவுக்கு எடுத்துக்காட்டாகக் கூறும் நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

உறைபனியும் மரப்பட்டை அப்பமும்

எனினும் சிசு விளையாட்டுக் களத்திலோ போர்க்களத்திலோ பிறந்ததன்று. அது விளைநிலத்திலே பிறந்தது. வேனில் குறுகிய நாட்டில், அறுவடைக்கு முன்னே ஓரிரவு உறைபனி விழுந்தால் ஆண்டின் உழைப்பு முழுவதும் அழியும். 1866 முதல் 1868 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சத்தில் அந்நாட்டு மக்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு எண்மர் மாண்டனர். பைன் மரத்தின் உட்பட்டையை இடித்து மாவோடு கலந்து அப்பஞ் சுட்டு உண்டு உயிர் தாங்கிய காலங்கள் அவர்களுக்கு உண்டு.

யோகான் லூட்விக் ரூனெபெரி என்னும் கவிஞர் 1830இல் பாடிய ‘சாரியார்வியின் பாவோ’ இவ்வாழ்வைச் சித்திரிப்பது. பாவோ என்னும் ஏழைக் கமக்காரனின் பயிரை வெள்ளமும் ஆலங்கட்டியும் உறைபனியும் அழிக்கின்றன. மனைவி அழுது புலம்ப, அவன் மாவிலே பட்டையைப் பாதி கலக்கச் சொல்லி, முன்னையினும் இருமடங்கு வாய்க்கால் வெட்டச் செல்கிறான். அடுத்த முறையும் அழிவே. அதன் பின் ஒருமுறை பயிர் தப்பி விளைகின்றது. இனித் தூய அப்பம் உண்ணலாம் என மனைவி மகிழ, பாவோ அப்பொழுதும் பாதிப் பட்டையையே கலக்கச் சொல்கிறான். அயலவனின் வயல் பனியால் அழிந்துகிடக்கின்றதாம். சிசுவின் உயர்ந்த நிலை தன் துன்பத்தைத் தாங்குதலோடு அமைவதன்று, அயலான் துன்பத்தைப் பகிர்தலில் நிறைவுறுவது என்பது இக்கதையின் உட்பொருளாகும்.

உலகம் இச்சொல்லை அறிந்தது பனிக்காலப் போரின்போதாம். 1939 நவம்பர் 30ஆம் நாள் சோவியத்து ஒன்றியம் பின்லாந்தின்மீது படையெடுத்தது. நாற்பது இலட்சத்துக்கும் குறைந்த மக்களையுடைய அச்சிறுநாடு 105 நாள் எதிர்த்து நின்று, 1940 மார்ச் 13ஆம் நாள் உடன்படிக்கைக்கு இணங்கியது. நிலத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு பறிபோயிற்று. கரேலியா முதலிய பகுதிகளிலிருந்து நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடும் வயலும் விட்டுப் பெயர்ந்தனர்.

அதன் பின்னர் நிகழ்ந்ததே பெரிதும் கருதற்பாலது. இடம்பெயர்ந்தோர் முகாம்களிலே விடப்படவில்லை. 1945இல் நிலம் பெறுதற்கான சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அரசு நிலமும், நிலமுடையோரிடமிருந்து ஈட்டிய நிலமும் அவர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. போர் இழப்பீடாக விதிக்கப்பட்ட 30 கோடி டொலர் பெறுமதியான பொருள்களையும் அந்நாடு 1952இல் கொடுத்து முடித்தது. அவ்வாண்டிலேயே எல்சிங்கி நகரில் ஒலிம்பிக் விளையாட்டும் நிகழ்ந்தது. மக்களின் உள்ளுரமும் அரசின் சட்டமும் ஒருங்கிணைந்தமையாலேதான் அந்நாடு எழுந்தது.

குளத்தை நம்பிய நாடு

பின்லாந்துக்கு உறைபனி எப்படியோ, வன்னிக்கு வறட்சியும் வெள்ளமும் அப்படி. வன்னியிலே ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் சனவரி வரை பொழிந்து ஓய்ந்துவிடும். எஞ்சிய மாதங்களில் வெயிலும் வறண்ட காற்றுமே ஆட்சி செய்யும். ஆண்டு முழுதும் ஓடும் பேராறு அங்கு இல்லை. ஆகவே மழைநீரை மண்கட்டால் மறித்துத் தேக்கினாலன்றி வாழ்வில்லை. வவுனியாவிலிருந்து மன்னார் செல்லும் வீதியை அடுத்த ஊர்ப்பெயர்களே இதற்குச் சான்றாகும். வேப்பங்குளம், நெளுக்குளம், பூவரசங்குளம், பாவற்குளம், செட்டிகுளம் எனக் குளத்தின் பெயரே ஊரின் பெயராயிற்று. குளம் உள்ளவரையே ஊர். குளம் தூர்ந்தால் ஊர் காடாகும்.

இக்குளங்கள் தனித்தனியே நிற்பனவல்ல. மேட்டுக்குளத்தின் வான் பாய்ந்து வரும் நீர் கீழ்க்குளத்தை நிரப்பும். ஒரு வயலில் வடிந்த நீர் மற்றொரு குளத்தைச் சேரும். இத்தொடரமைப்பு நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்த உதவுவது. ஆயினும், மேற்குளம் ஒன்று உடைப்பெடுத்தால் அதன் வெள்ளம் கீழுள்ள குளங்களையும் வரிசையாக உடைத்துச் செல்லும் இடரும் இதில் உண்டு. எனவே கட்டினைக் காத்தல் தன்னூர்க் கடமை மட்டுமன்று, கீழூரார்க்குச் செய்யும் கடமையுமாம். மழை இறுகும் இரவுகளிலே கட்டின்மேல் நின்று, கறையான் புற்றும் மரவேரும் செய்த துளைகளில் நீர் கசிகின்றதா என்று நோக்கி, கசிந்த இடத்தை மண்ணும் குழையும் இட்டு அடைத்தல் கமக்காரர் வாழ்வின் ஒரு கூறாகும். 1957 டிசெம்பர் பெருவெள்ளத்தில் இலங்கையின் வறண்ட வலயத்துக் குளங்கள் பல உடைந்தன. 1964 டிசெம்பரில் வீசிய கொடும்புயல் வவுனியாவை அண்மித்தே கடந்து மன்னார்ப் பக்கம் சென்றது. இவற்றின் பின்னும் கட்டுகள் மீண்டும் உயர்ந்தன. வயல்கள் மீண்டும் விதைக்கப்பட்டன.

நீர் குறைந்த ஆண்டில் கையாளப்படும் வழக்கம் ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. குளத்து நீர் எல்லா வயலுக்கும் போதாது என்று கண்டால், பயிரிடும் பரப்பைச் சுருக்கி, குளத்தை அடுத்த வயல்களை மட்டும் அனைவரும் பங்கிட்டு விதைப்பர். தன் வயல் வாய்க்கால் தலைப்பில் உள்ளது என்ற காரணத்தால் ஒருவன் மட்டும் விளைவித்து, கடைவயற்காரன் பட்டினி கிடத்தல் முறையன்று என்பதே இதன் கருத்து. வறண்ட வலயக் குளக்கிராமங்கள் பலவற்றுக்கும் பொதுவாகிய இவ்வழக்கத்தையும், அயலானுக்காகப் பட்டை அப்பம் உண்ட பாவோவின் கதையையும் ஒருங்கு வைத்து எண்ணுவார்க்கு, இரு நாட்டு உழவரின் உள்ளமும் ஒன்றே என்பது புலனாகும்.

வன்னியின் வீரம் பேசுவோர் பெரும்பாலும் 1803இல் ஆங்கிலேயரை எதிர்த்த பண்டாரவன்னியனையே எடுத்துரைப்பர். அது போற்றத்தக்கதே. ஆயினும் அதன் பின்வந்த நூறாண்டில், பெயரறியா உழவர் காட்டிய உறுதி அதனிற் குறைந்ததன்று. 1830களின் தொடக்கத்தில் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியமுறை ஒழிக்கப்பட்டது. மக்களை வருத்திய முறை நீங்கியது நன்றே. ஆனால் குளங்களைப் பேணுதற்கு வேறு ஏற்பாடு செய்யப்படாமையாற் கட்டுகள் சிதைந்தன. மக்கள் தொகை அருகியது. ஜே. பி. லூயிஸ் என்னும் ஆட்சி அலுவலர் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கையேட்டிலே அக்காலத்து நிலை விரிவாகப் பதிவாகியுள்ளது. பின்னர் இரணைமடுக் குளப்பணி 1902இல் தொடங்கி ஏறத்தாழ இருபதாண்டு நடந்தது. 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கிற்று.

அக்காலக் குடியேறிகளுக்கு யானையினும் பாம்பினும் கொடிய பகை நுளம்பே. ‘காட்டுக்காய்ச்சல்’ என அஞ்சப்பட்ட மலேரியா, குளத்தருகே குடியிருந்தோரை ஆண்டுதோறும் வீழ்த்தியது. 1940களின் நடுப்பகுதியில் டி.டி.ரி. மருந்து தெளிக்கத் தொடங்கியபின் நோய் பெரிதும் தணிந்து, 1963இல் இலங்கை முழுவதிலும் 17 பேருக்கே கண்டறியப்பட்டது. வென்றுவிட்டோம் என்று தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தவுடன் நோய் மீண்டெழுந்து, 1969இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பற்றியது. மறுபடியும் பணி தொடங்கிற்று. போர்க்காலத்திலும் அது அறவே நின்றுவிடவில்லை. 2012 ஒக்ரோபருக்குப் பின் உள்நாட்டிலே தொற்றிய நோயாளர் எவரும் காணப்படாமையால், 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. அரை நூற்றாண்டு நீண்ட இவ்விடாமுயற்சியும் சிசுவின் ஒரு வடிவமேயாம்.

வேரோடு பெயர்க்கப்பட்டோர்

இயற்கை தந்த இடுக்கண் ஒருபாலாக, மனிதர் தந்த இடுக்கண் மற்றொருபாலாயிற்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழருட் பலர், 1970களின் பஞ்சத்தாலும் 1977ஆம் ஆண்டு வன்செயலாலும் தோட்டங்களைவிட்டு வன்னிக்கு வந்தனர். தேயிலைக் கொழுந்து கிள்ளிப் பழகிய கைகள் காடு வெட்டவும் நெல் விதைக்கவும் கற்றன. எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. 1990 ஒக்ரோபரில் மன்னார், முல்லைத்தீவு முதலிய மாவட்டங்களின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, தலைமுறையாக வாழ்ந்த ஊர்களை இழந்தனர். துன்பம் இனமும் சமயமும் பார்த்து வருவதன்று.

2009 மே மாதத்தில் போர் முடிவுற்றபோது, வன்னி மக்களுள் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர், பலமுறை இடம்பெயர்ந்து, உற்றாரையும் உடைமையையும் இழந்தவராய் முகாம்களிலே அடைக்கப்பட்டிருந்தனர். பூவரசங்குளத்தைக் கடந்து மேற்கே சென்றால் எய்தும் செட்டிகுளப் பகுதியில் அமைந்த மெனிக் பாம் முகாமே அவற்றுள் மிகப் பெரியது. தறப்பாள் கூடாரங்களில், தண்ணீருக்கும் உணவுக்கும் வரிசையில் நின்று கழிந்த வாழ்க்கை அது. அம்முகாமிலும் பிள்ளைகள் பாடம் படித்தனர். மாணவர் அரசாங்கத் தேர்வுகளுக்குத் தோற்றினர். 2012 செப்ரெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது. திரும்பியோர் கண்டவை கூரையற்ற வீடுகளும், பற்றை மூடிய வயல்களும், கண்ணிவெடி அகற்றப்படாத எல்லைகளுமே. கணவனை இழந்த பெண்கள் பலர் குடும்பச் சுமையைத் தாமே ஏற்றனர். பற்றை வெட்டி, வரம்பு கட்டி, முதற்போகம் விதைத்த அம்மக்களின் செயலுக்கு ஓர்மம் என்பதன்றி வேறு பெயர் இல்லை.

உரத்தின் எல்லை

ஆயினும் இவ்விடத்திலே ஒரு தெளிவு வேண்டும். ஒரு மக்கட் கூட்டத்தின் தாங்கும் ஆற்றலைப் புகழ்தல் எளிது. அப்புகழுரை அவர்தம் உரிமையை மறப்பதற்கு வாயிலாதலும் எளிது. ‘வன்னிச் சனம் எதையும் தாங்கும்’ என்ற சொல், கேட்போர் செவிக்கு இனிதாகலாம். ஆனால் தாங்கவல்லார் என்பதற்காக மேலும் சுமை ஏற்றுதல் அறமாகாது. காணாமற்போன மகனைத் தேடும் தாய்க்கு ஓர்மம் உண்டென்பது, அவளுக்கு விடையளிக்க வேண்டிய பொறுப்பினின்று எவரையும் விடுவிப்பதன்று.

உளநூலாரும் இதனை உணர்த்துவர். 2022இல் பின்லாந்து ஆராய்ச்சியாளர் வெளியிட்ட சிசு அளவுகோல், நலம் தரும் சிசு, தீங்கு தரும் சிசு என இருவகையையும் தனித்தனியே அளக்கின்றது. பிறர் உதவியை நாடாமை, உடலும் உள்ளமும் முறியுமட்டும் நில்லாமை, தன்னைப்போல் தாங்கமாட்டாரை இகழ்தல் என்பன சிசு மிகுந்து கெட்ட நிலைகள். ஓர்மத்தின் இருமுகம் பற்றி மேலே கூறியதும் இதுவே. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இல் வன்னி மக்களின் கூட்டு மனவடுப் பற்றி எழுதியபோது, போர் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் அவற்றின் நம்பிக்கைப் பிணைப்பையும் சிதைத்தமையை விளக்கினார். ஊராகப் பட்ட புண் ஊராகக் கூடியே ஆறவேண்டும். கண்ணீர் விடுதலும், உதவி கேட்டலும், மருத்துவரை நாடுதலும் உரமின்மைக்கு அடையாளமல்ல என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதற்கண் கற்பித்தல் வேண்டும்.

பூவரசின் இயல்பு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. பூவரசங் கொம்பை வெட்டி வேலிக்குக் கதியாலாக நட்டால், வேரற்ற அக்கொம்பு தானே வேர்விட்டுத் தளிர்க்கும். தளிர்க்கும் ஆற்றல் கொம்பின் உள்ளே உள்ளது. ஆயினும் அறிந்த கமக்காரன் அதனைக் கோடையில் நடுவதில்லை, மாரியை நோக்கியே நடுகின்றான். உள்ளுரம் ஒன்று, வெளியுதவி ஒன்று. இரண்டும் கூடியவிடத்தே வேர் பிடிக்கின்றது. கரேலிய மக்கள் சிசுவினால் மட்டும் எழவில்லை, 1945ஆம் ஆண்டுச் சட்டம் அவர்க்கு நிலம் தந்தது. வன்னி மக்கள் பலருக்கோ தம் சொந்த நிலத்தை மீளப் பெறுதற்கே நெடுநாள் வாதாடவேண்டியதாயிற்று.

வள்ளுவர் வகுத்த முறை

இவ்வுண்மையைத் திருக்குறளின் வைப்புமுறையும் உணர்த்துகின்றது. ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கண் அழியாமை என்னும் நான்கும் 60 முதல் 63 வரையுள்ள அதிகாரங்களாகத் தொடர்ந்து நிற்கின்றன. ஊக்கம் எழுதல், சோம்பல் நீங்குதல், முயற்சியில் நிலைத்தல், அம்முயற்சியிடை வந்த துன்பத்துக்குக் கலங்காமை என்பது அவற்றின் ஒழுங்கு. தெய்வத்தால் வருவன, பொருளின்மையால் வருவன, உடல் வருத்தத்தால் வருவன என இடுக்கண்களைப் பரிமேலழகர் பகுத்துக் காட்டுவர். பாரவண்டியைத் தடைப்பட்ட இடமெல்லாம் முயன்று இழுத்துச் செல்லும் எருதினை வள்ளுவர் உவமையாக்கியது, உழவர் உலகத்தோடு அவர் கொண்ட நெருக்கத்தைக் காட்டும்.

ஆனால் இவ்வதிகாரம் நிற்கும் இடம் எது? பொருட்பாலில் அரசியல் என்னும் பகுதியின் இருபத்தைந்து அதிகாரங்களுள் இறுதியானது இது. குடிகளை நோக்கித் துன்பத்தைத் தாங்குக என்று கூற எழுந்ததன்று. ஆள்வோனிடத்து முதலில் வேண்டப்படும் பண்பாகவே இது வைக்கப்பட்டுள்ளது. செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் கண்ணோட்டமும் கூறி முடித்த பின்னரே இடுக்கண் அழியாமை கூறப்படுகின்றது. ஆட்சி தன் கடமையைச் செய்தபின் எஞ்சும் துன்பத்துக்கே குடிமக்களின் உரம் துணையாதல் வேண்டும் எனக் கொள்ளுதல் இவ்வைப்புமுறைக்கு ஒத்ததாகும்.

சிசு பின்லாந்தார்க்கே உரிய தனிச்சொத்து அன்று. அதற்கு அவர்கள் பெயரிட்டுப் பேணினர். அதன் குறையையும் ஆராய்ந்து கண்டனர். தமிழரிடத்தும் அதற்குப் பெயருண்டு, நூலுண்டு, வாழ்ந்து காட்டிய மக்களும் உளர். அம்மக்களின் வரலாற்றை ஊர்தோறும் கேட்டு எழுதிவைத்தல், அவர் கட்டிய குளங்களைப் பேணுதல், தாங்கி நின்றோரின் தோட்சுமையைப் பகிர்தல் என்னும் மூன்றும் கற்றோர் கடனாகும். கல்லூரிகளிலிருந்து வெளியேறும் மாணவர் இக்கடனுள் ஒன்றையேனும் மேற்கொள்வாராயின், வன்னி உழவரின் ஓர்மத்துக்கு அதுவே தக்க கைம்மாறாகும்.